எட்டுத் தலைநகரம், ஒரு மொய் நோட்டு

எங்கள் ஐரோப்பியப் பயணத்தின் வரவுசெலவு முழுக்க ஒரு மொய் நோட்டில் இருக்கிறது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நீளவாக்கு நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. "புது நோட்டு எதுக்கு தம்பி? இதுலயே எழுதுங்க" என்றார் அத்தான். ஒன்பது பேர் எட்டுத் தலைநகரங்களைச் சிக்கனமாகப் பார்த்துவிட்டு வரும் திட்டத்தில் நாங்கள் மிச்சம் பிடித்த முதல் தொகை அந்த நோட்டின் விலைதான். ஏறக்குறைய கடைசித் தொகையும் அதுதான்.

யோசனையும் அதே கல்யாணத்தில்தான் பிறந்தது. பந்தல் பிரித்த மூன்றாம் நாள், மிஞ்சிய லட்டைத் தின்றுகொண்டிருந்த சித்தப்பா, "எல்லாரும் சேந்து எங்கயாவது போயிட்டு வரணும்ப்பா" என்றார். அவர் மனதில் இருந்தது கொடைக்கானல். இரண்டாவது லட்டு முடிவதற்குள் அத்தான் அதை ஐரோப்பா ஆக்கிவிட்டார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன் என்பதால் யாரையும் கேட்காமலே பொருளாளர் ஆனேன். தலைக்கு 2 லட்சம் ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சபையில் முடிவானது.

முதலில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழவழப்பான தாள் ஒன்று வந்தது. 14 நாள், 10 நாடு. அதில் பாதி இடங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. தாளின் அடியில், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் அளவுக்குச் சின்ன எழுத்தில், "பேருந்தில் இருந்தபடி" என்று விளக்கம். "இதுக்கு டிவியிலயே பாத்துக்கலாம், காலை நீட்டிக்கிட்டு" என்றாள் அக்கா. நாமே திட்டம் போடுவது என்று தீர்மானித்தோம். பிறகு நாலு மாதம் நாங்கள் போட்ட சண்டையை அந்த நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் வாங்கியிருக்கும்.

அத்தான் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் எண்ணாகத்தான் தெரியும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பெர்லின், பிராக், வியன்னா, ரோம் என்று ஆறு எழுதினேன். "எண்ணிக்கை பத்தல" என்றார். வரைபடத்தை விரித்து, வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவா இருப்பதைக் கண்டுபிடித்தார். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம்தான். ஏழு. அப்புறம் ரோமுக்குள்ளேயே வாட்டிகன் தனி நாடு. ரோட்டைக் கடந்தால் இன்னொரு தலைநகரம், பயணச் செலவு பூஜ்யம். எட்டு. அன்று ராத்திரி அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் அவருடைய ஓய்வூதிய உத்தரவு வந்த அன்றும் பார்க்கவில்லை.

சித்தப்பாவுக்கு லண்டன் வேண்டும். பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம் என்று சொன்னேன். "இருநூறு வருஷம் இங்க வந்து உக்காந்திருந்தானே, அவன் விசா எடுத்தா வந்தான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அன்று தொடங்கி மதுரை திரும்பும்வரை எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், "லண்டன்ல இதைவிடப் பெருசா இருக்கும்" என்பார்.

இந்த ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்னக் கிராமம். 1985-இல் அங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட, எல்லைச் சோதனை இல்லாத பகுதிக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. இன்றைக்கு 29 நாடுகள், ஒரே விசா. அதை எந்த நாட்டிடம் கேட்பது என்றால், எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறோமோ அந்த நாட்டிடம். ஆகவே ஊரின் அழகைப் பார்த்து நாட்களைப் பிரிக்கிற வேலை எங்களுக்கு இல்லாமல் போனது. பாரிஸுக்கு நாலு ராத்திரி, வேறு யாருக்கும் மூன்றுக்கு மேல் கிடையாது என்று ஜாதகக் கட்டம் மாதிரி எழுதிக்கொண்டோம்.

விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். இந்த நூறால் பெருக்குவது மிகச் சுலபம், அதுதான் கொடுமை. டாலர் என்றால் பெருக்கி முடிப்பதற்குள் மனசு ஆறிவிடும். யூரோவுக்கு இரண்டு பூஜ்யம் சேர்த்தால் போதும், நெஞ்சு உடனே வலிக்கும். ஒன்பது பேருக்கு 810 யூரோ. மதுரையைவிட்டுக் கிளம்பாமலே 81,000 ரூபாய் போய்விட்டது. மருத்துவக் காப்பீடு வேறு கட்டாயம், குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதை ரூபாயில் பெருக்கிச் சொன்னதும் பெரியம்மா திகைத்துப் போனார். "முப்பது லட்சமா? ஏப்பா, இந்த விஷயம் வீட்ல மருமகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

பெரியம்மாவுக்கு 68 வயது என்கிறது பாஸ்போர்ட். பிறந்தது அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு என்பதுதான் குடும்பத்துக்குத் தெரிந்த செய்தி. பாஸ்போர்ட்டில் ஜூன் 1. பள்ளிக்கூடத்து வாத்தியார் கொடுத்த பிறந்தநாள் அது. ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். அழகரை நம்பாமல் வாத்தியாரை நம்பிப் பதிவு செய்தேன்.

தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். நடைப்பயணம் போகும் பிள்ளைகளுக்காக ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆசிரியர் முனைந்து, 1912-இல் அல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் உருவாக்கியதுதான் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி. அவர் எங்கள் குழுவின் சராசரி வயதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அடுக்குக் கட்டில் என்று தெரிந்ததும் புதுச் சிக்கல். வீட்டு மாப்பிள்ளையை மேலே ஏறிப் படுக்கச் சொல்ல முடியுமா? அத்தானுக்குக் கீழ்க்கட்டில். பெரியவர் என்று சித்தப்பாவுக்கும், முழங்கால் என்று பெரியம்மாவுக்கும் சித்திக்கும் கீழ்க்கட்டில். மரியாதையும் மூட்டுவலியும் போக மிஞ்சிய மேல்கட்டில்கள் எனக்கும் மச்சினனுக்கும் வந்தன. பொருளாளர் பதவியால் நான் அடைந்த உயரம் அவ்வளவே.

பிறகு சாப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகக் கூடாது. இதைக் கைபேசிக் குழுவில் போட்டதும் பத்து நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். நெய்யும் போச்சு. அடுத்துச் சித்தியிடமிருந்து கேள்வி வந்தது: "மோர் மிளகாய் பால்ல சேத்தியா, மிளகாய்ல சேத்தியா?" ஒரு வாரம் விவாதம் நடந்தது. மோர் காய்ந்துவிட்டது என்பது அக்கா கட்சி. காய்ந்தாலும் மோர் மோர்தான் என்பது அத்தான் கட்சி. கடைசியில் மோர் மிளகாய் மதுரையிலேயே நின்றது. இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் மட்டும் விமானம் ஏறின.

போன செப்டம்பரில் கிளம்பினோம்.

பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கம், லா ஷப்பெல் பகுதியில் தங்கினோம். ஈழத்துத் தமிழர்கள் போர்க்காலத்தில் வந்து வேரூன்றிய இடம். தெரு முழுக்கத் தமிழில் பெயர்ப்பலகை, பாத்திரக் கடை, நகைக் கடை, பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். பெரியம்மா முதல் நாள் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "பாரிஸ் நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு சொன்னார். அதுவரை அவர் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்திருக்கவில்லை.

தோசை சாப்பிட்ட கடையில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததுமே நிலைமையைப் புரிந்துகொண்டார். "எங்கை இருந்து வாறியள்? மதுரையோ? இஞ்ச பாருங்கோ, சாப்பாட்டுக் கடையில தண்ணிப் போத்தல் வாங்காதேங்கோ. 'கராஃப் தோ' எண்டு கேளுங்கோ. குழாய்த்தண்ணி சும்மா தருவினம்." பிரெஞ்சு மொழியில் எங்கள் ஒன்பது பேருக்கும் தெரிந்த ஒரே வாக்கியம் இன்றுவரை அதுதான். சித்தப்பா அதை வணக்கம் சொல்வதற்கும் பயன்படுத்தினார்.

ஈஃபில் கோபுரத்துக்கு மின்தூக்கியைவிடப் படிக்கட்டுச் சீட்டு மலிவு. இரண்டாவது தளம்வரை 674 படிகள். "பழனிக்கு ஏறக்குறைய இவ்வளவுதானே" என்றார் அத்தான். மூட்டுவலிக்காரர் கீழே இருக்கட்டும் என்று சொன்னோம். பழனி என்ற சொல் காதில் விழுந்த பிறகு பெரியம்மாவை யார் நிறுத்துவது? "முருகா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குரல் கொடுத்தபடி எங்களுக்கு முன்னால் ஏறினார். வேர்த்து விறுவிறுத்து இரண்டாவது தளத்தில் போய் நின்றதும் பாரிஸ் நகரம் முழுவதும் காலடியில் கிடந்தது. அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சன்னதி எங்கப்பா?"

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அப்போது தலைக்கு 22 யூரோ. மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். முன்னால் நின்ற கூட்டத்தில் நாங்கள் பார்த்தது பிறருடைய கைபேசித் திரையில் தெரிந்த மோனாலிசாவை. "நம்ம கடை காலண்டர் இதைவிடப் பெருசு" என்றார் அத்தான். சித்தப்பா வழக்கமானதைச் சொன்னார்.

இனி, திட்டத்தில் நான் கோட்டைவிட்ட செலவைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பல ரயில் நிலையங்களில் கழிப்பறைக்குள் போகக் காசு. ஐம்பது சென்ட் முதல் ஒரு யூரோ வரை. அத்தான் அந்தத் தடுப்புக்கம்பியின் முன்னாலேயே கணக்குப் போட்டார். ஒன்பது பேர், நாளுக்கு மூன்று தடவை, 15 நாள், தடவைக்கு ஒரு யூரோ. 405 யூரோ. "தம்பி, ஒண்ணுக்குப் போகவே நாப்பதாயிரத்து ஐந்நூறு" என்றார். அதற்குப் பிறகு குழுவில் யாரும் தாகம் என்று சொல்லவில்லை.

பாரிஸ் தெருக்களில் மட்டும் நகராட்சியின் தானியங்கிக் கழிப்பறைகள் நூற்றுக்கணக்கில் உண்டு, காசே கிடையாது. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டு, அறை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். அப்புறம்தான் அடுத்தவர் போகலாம். ஒன்பது பேர் வரிசையில் நின்றோம். மூன்றாவது ஆளுக்குள் அத்தான் பொறுமை இழந்தார். மச்சினன் வெளியே வந்ததும் கதவை மூடவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு, "போ போ, சீக்கிரம் போ" என்று அக்காவை உள்ளே தள்ளினார். கதவு மூடியது. இயந்திரத்தின் கணக்கில் உள்ளே யாரும் இல்லை. கழுவத் தொடங்கியது. உள்ளேயிருந்து அக்கா அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர்களுடைய முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் அதுதான் முதல் தடவை. முழங்கால்வரை நனைந்த புடவையோடு வெளியே வந்தவள் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேரும்வரை அவரிடம் பேசவில்லை.

பிரஸ்ஸல்ஸின் புகழ்பெற்ற காட்சி, தெருமுனையில் சிறுநீர் கழித்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பையனின் வெண்கலச் சிலை. இரண்டடி உயரம்கூட இல்லை. "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்றார் பெரியம்மா. அத்தான் மட்டும் அந்தச் சிலையை வெகுநேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "1619-லேருந்து நிக்கிறான் தம்பி. இந்தக் கண்டத்துலயே காசு குடுக்காமப் போறவன் இவன் ஒருத்தன்தான்." அக்கா சிரித்துவிட்டாள். சமாதானம் ஆயிற்று.

பெர்லினில் 'கராஃப் தோ' செல்லுபடியாகவில்லை. சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கேட்டால் காசுக்குப் பாட்டில்தான் வந்தது, அதுவும் நுரைக்கிற தண்ணீர். "சோடாவைக் குடுத்துட்டு தண்ணிங்கிறான்" என்றாள் சித்தி. ஆகவே பலசரக்குக் கடையில் பாட்டில் வாங்கத் தொடங்கினோம். ரசீதைப் பார்த்தபோதுதான் தண்ணீர் விலைக்குக் கீழே தனி வரியில் 25 சென்ட் இருப்பது தெரிந்தது. அது பாட்டிலுக்கு முன்பணம். காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தின் வாயில் போட்டால் சீட்டு வரும். சீட்டைக் காட்டினால் காசு.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் டியர்கார்ட்டன் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். எடுக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெர்லின்காரர்கள் காலிப் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வரிசையாக நிறுத்திவிட்டுப் போகிறார்கள். "காசை இப்படித் தெருவுல நிறுத்திட்டுப் போறாங்களேப்பா, விவரம் பத்தாது" என்றார். முதல் நாள் பத்து பாட்டில், இரண்டரை யூரோ. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் எட்டாவது பாட்டிலை எடுத்தபோது எதிரே பெரிய பையோடு ஒரு முதியவர் வந்தார். பெரியம்மா அவரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அடுத்த தொட்டிக்குப் போகாமல் எங்களிடம் திரும்பி வந்துவிட்டார். "அது அவரு ஏரியா" என்றார்.

ஆக மொத்தம் 27 பாட்டில், 6 யூரோ 75 சென்ட். நாங்கள் வாங்கிய பாட்டிலுக்குத் திரும்பி வந்தது முன்பணம், இது அசல் வருமானம் என்று பிரித்து, மொய் நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதினேன். பயணம் முழுவதற்கும் அந்தப் பக்கத்தில் உள்ள ஒரே வரி அது. காசு மட்டும் என் கைக்கு வரவில்லை. மூன்று நாளும் கிடைத்த நாணயங்கள் சுருக்குப்பைக்குள் போய்விட்டன.

பிராகில் கொருனா என்ற வேறு நாணயம். நூறால் பெருக்குவது போய் ஏறக்குறைய நாலால் பெருக்குவது வந்ததால் எல்லாம் மலிவாகிவிட்டது மாதிரி ஒரு மயக்கம். அதில் என் வீட்டம்மா மூன்று கண்ணாடிச் சாமான் வாங்கியதைப் பற்றி மேலும் எழுத எனக்கு அனுமதி இல்லை. 1410-இல் செய்த வானியல் கடிகாரம் மணிக்கொரு தரம் பொம்மைகளைச் சுற்றவிடுவதைக் கழுத்து வலிக்க நின்று பார்த்தோம், ஓசியில். வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை, அரண்மனைக்கு உண்டு. 1,441 அறைகளாம். அத்தனையையும் வெளியே இருந்து பார்த்தோம். பிராட்டிஸ்லாவாவில் இறங்கி ஒரு காபி குடித்ததும் அத்தான் ஆறு என்று விரலை மடக்கினார்.

ரோமாபுரியில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் குளிர்ந்த நல்ல தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் சும்மா ஓடுகிறது. இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றனவாம். அங்கே செலவு உட்காருவதற்குத்தான். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை. நாற்காலியில் உட்கார்ந்தால் பல கடைகளில் வேறு விலை. ஸ்பானியப் படிக்கட்டு என்று புகழ்பெற்ற படிக்கட்டில் இளைப்பாற உட்கார்ந்தாலே அபராதம், 250 யூரோ வரை போகும். அத்தான் பாதி மடங்கிய முழங்காலோடு அப்படியே நிமிர்ந்தார். "இருபத்தஞ்சாயிரம் குடுத்து உக்காரணுமா?"

வாட்டிகனில் புனித பேதுரு பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்காரர்கள் ராணி மாதிரி உள்ளே போனார்கள். அரைக்கால் சட்டையில் வந்த அத்தானை மட்டும் நிறுத்திவிட்டார்கள். எட்டாவது நாட்டின் வாசலில் அவர் முகம் செத்துவிட்டது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தோள்பையைத் திறந்து, ராத்திரி படுக்கும்போது கட்டுகிற நாலு முழ வேட்டியை எடுத்து நீட்டினார். கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயத்துக்குள் அத்தான் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்று ஒரு நாள் சித்தப்பா லண்டன் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி ராத்திரி ட்ரேவி நீரூற்றுக்குப் போனோம். முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலாக ஒரு காசை எறிந்தால், ரோமாபுரிக்குத் திரும்பி வருவோம் என்பது ஐதீகம். அப்படிச் சேரும் பணம் ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல். அதை அள்ளி ஏழைகளுக்கான தொண்டுக்குக் கொடுக்கிறார்கள். இதை நான் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டார்.

உள்ளே ஒன்பது நாணயங்கள் இருந்தன. திரும்பி நின்று, ஒவ்வொரு ஆளின் பெயரையும் சொல்லி ஒவ்வொன்றாக எறிந்தார். இரண்டு யூரோ நாணயம் அக்காவுக்கு, "பாவம், நனைஞ்ச பிள்ளை" என்று. ஒரு யூரோ மூன்றும் மூன்று பெண்களுக்கு. ஐம்பது சென்ட் மூன்று எனக்கும் மச்சினனுக்கும் அத்தானுக்கும். இருபது சென்ட் தனக்கு. மிச்சம் ஒரு ஐந்து சென்ட்.

"தம்பி, இது உங்களுக்கு" என்றார் சித்தப்பாவைப் பார்த்து. "நீங்க எப்படியும் லண்டனுக்குத்தான் போவீங்க."

ஊருக்கு வந்து கணக்கு முடித்தேன். தலைக்கு 2 லட்சத்து 11 ஆயிரம். பதினோராயிரம் தாண்டிவிட்டது என்று சபையில் கொஞ்சம் சத்தம். அதைவிடப் பெரிய சத்தம், வரவில் உள்ள 6 யூரோ 75 சென்ட் கையிருப்பில் இல்லை என்பதற்கு. "கணக்கு உதைக்குது தம்பி. எந்தத் தலைப்புல எழுதுவீங்க?" என்றார் அத்தான். காணிக்கை என்று எழுதலாமா, நன்கொடை என்று எழுதலாமா என்று ஒரு சுற்று விவாதம் நடந்தது. பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி, "அது எந்த நோட்டுப்பா?" என்று மட்டும் கேட்டார்.

எழுதிவிட்டேன். மஞ்சள் தடவிய அந்த நோட்டில் கடைசி வரி இப்படி இருக்கிறது: ரோமாபுரி, மொய், 6 யூரோ 75 சென்ட். எங்கள் பக்கம் மொய் வாங்கியவர்கள் திருப்பிச் செய்தாக வேண்டும். நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது.